கதவுக்கு முட்டு

சனிக்கிழமை காலை
சைக்கிளின் இரண்டு பைகளும் வெறுமையாகப் புறப்படும்.
ஒன்றில் மட்டும் பழைய செய்தித்தாள்,
புட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க.

பெரிய கடைப் பக்கம் நான் போவதில்லை.
அங்கே பீர்கள் குழல்விளக்கின் கீழே
முகம் கழுவித் தலைவாரி நிற்கின்றன
பள்ளிக்கூடப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல.
தேடாமல் கிடைத்ததை
என் நாக்கு மதிப்பதில்லை.

நான் போவது ஓமேரின் கடைக்கு.
கரி மூட்டை, பந்தயப் புறாவுக்குத் தீனி,
அவற்றுக்குப் பின்னால், கேட்பாரற்று, ஓர் அலமாரி.
பிறகு ரயில்வே கேட் ஓரத்து ஃபிர்மின்.
தொத்திறைச்சி தொங்கும் குளிரறையில்
நாலே நாலு புட்டி வைத்திருப்பான்.
கேட்டால்தான் காட்டுவான்.
அவன் புறாக்களை விசாரித்துவிட்டுக் கேட்டால்தான் விற்பான்.

இந்த வேலைக்குத் தூசியைப் படிக்கத் தெரியவேண்டும்.
ஊதினால் பறக்கிற தூசி, போன மாதச் சரக்கு.
விரலில் பிசுக்காக ஒட்டினால்
கடைக்காரனே மறந்துபோனது; மெதுவாக எடு.
தூசிக்கு நடுவே சுத்தமாக ஒரு வட்டம் இருந்தால்
லுட்காட் வந்து போயிருக்கிறாள்.

பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவள்.
மூன்று வருடமாக அவள் வட்டங்களோடு எனக்குப் பழக்கம்,
ஆளைப் பார்த்தது ஒரே தடவை,
மழையில், தெண்டர் ஆற்றுப் பாலத்தின் மேல்.
அவள் பை கிணுகிணுத்தது.
என் பை கிணுகிணுக்கவில்லை.
தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

போன மார்ச்சில் ஒரு நாள்
ஓமேரிடம் வட்டம். ஃபிர்மினிடம் வட்டம்.
கல் பாவிய ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
மூச்சு வாங்க மேலே வந்தால்
எமெரான்ஸின் கடை, கம்பளி நூலும் லாட்டரிச் சீட்டும்.
காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல்
முட்டுக் கொடுத்து நின்றது ஒரு பெரிய புட்டி.

குனிந்தேன்.
தக்கை, தக்கையைக் கட்டிய கம்பி, எல்லாம் அப்படியே.
சீட்டில் பாதியை ஈரம் தின்றிருந்தது.
மிச்சப் பாதியில் விலை, பிராங்கில்.
அந்தக் காசு செத்தே இருபது வருடத்துக்கு மேல்.
அதை வடித்த ஆலையில் இப்போது கார் கழுவுகிறார்கள்.

"எவ்வளவு?" என்றேன்.
"அது பீர் இல்லை" என்றாள் எமெரான்ஸ். "அது கதவு."

"சரி, கதவுக்கு வேறு ஏதாவது கொண்டுவந்தால்?"
பின்னுவதை நிறுத்தாமல் யோசித்தாள்.
"செங்கல். உடைந்தது வேண்டாம்."

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வீட்டுக்குப் போய்
தோட்டத்து வரப்பிலிருந்து ஒன்றைப் பெயர்த்து
மறுபடி அதே ஏற்றம்.
பீருக்காகச் செங்கல் சுமந்தவர்கள்
இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?
ஒருத்தி இருந்தாள்.
கடை வாசலில், மூச்சிரைக்க,
கையில் செங்கலோடு, லுட்காட்.

எமெரான்ஸ் இரண்டு கல்லையும் தூக்கிப் பார்த்தாள்.
இரண்டையும் வைத்துக்கொண்டாள்.
பிராங்கை யூரோவாக்கி நூல் சுற்றிய அட்டையில் கணக்குப் போட்டு
ஆளுக்கு எண்பத்தைந்து சென்ட் வாங்கினாள்.
காபிக் கோப்பை மூன்று எடுத்துவந்தாள்.

தக்கை சத்தமே போடவில்லை. நுரை இல்லை.
முதலில் நனைந்த அட்டைப்பெட்டி,
பிறகு உலர்திராட்சை,
பிறகு ஏதோ மரம், ஏதோ புளிப்பு,
அடியில், ரொம்ப அடியில்,
அணைத்துவிட்டுப் போன அடுப்பின் சூடு மாதிரி ஒன்று.
"கெட்டுப்போச்சு" என்றாள் லுட்காட்,
கோப்பையை மறுபடி நீட்டியபடி.

மறுவாரமே எமெரான்ஸ் குறைப்பட்டாள்:
செங்கல் வழுக்குகிறது, புட்டி அளவுக்கு நிற்கவில்லை.
காலிப் புட்டியில் ஆற்றுமணல் நிரப்பி,
தக்கையை அடித்து, கம்பியை முறுக்கி,
விலைச்சீட்டு தெருவைப் பார்க்கிற மாதிரி
நாங்கள் இருவருமாக வைத்துவிட்டு வந்தோம்.

நேற்று கென்ட்டிலிருந்து ஒரு தாடிக்காரன் வந்தானாம்.
குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லையாம்.
"கதவு என்று சொல்லிப் பார்த்தேன்" என்றாள் எமெரான்ஸ்,
"கேட்கவில்லை.
செங்கல் தேடிப் போயிருக்கிறான்."